தகடூர் அரசும் தலைவாயிலில் ஒலித்த கிணையும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் சமுதாயத்து இளைஞர் பலருடைய உள்ளத்தில் எழும் வினா ஒன்று உண்டு. "மன்னர்கள் ஆண்டார்கள், கோட்டை கட்டினார்கள், போர் புரிந்தார்கள் என்றெல்லாம் நூல்கள் கூறுகின்றன, அவர்களிடையே நம்மவர் எங்கே இருந்தனர்?" என்பதே அவ்வினா. இதற்கு இருவகை விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. "நாமும் ஒரு காலத்தில் முடிசூடிய மன்னர்களே" என்பது ஒன்று. "நமக்கென்று வரலாறு ஏதுமில்லை, இனித்தான் தொடங்க வேண்டும்" என்பது மற்றொன்று. முன்னது உள்ளத்திற்கு இனிமை தருவது. பின்னது சோர்வைத் தருவது. இரண்டுமே சான்றுகளை ஆராய்ந்து சொல்லப்பட்டவை அல்ல.

ஆகவே தொலைவில் உள்ள பேரரசுகளை விட்டு, நாம் வாழும் சேர்வராயன் மலைக்கு அண்மையிலிருந்த ஒரு பழைய அரசை எடுத்துக்கொண்டு, அதன் மன்னர் யாவர், அவர்தம் வாயிலில் யார் நின்றனர், அவர்தம் புகழை யார் காத்தனர் என்பவற்றை ஆராய்வோம். அவ்வரசே தகடூர் அதியமான்களின் அரசு.

மலையும் கணவாயும்

தகடூர் என்பது இன்றைய தருமபுரியின் பழம்பெயர். தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டம் ஆயிற்று. அதுவரை ஏற்காடும் தகடூரும் ஒரே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நமது மலைத்தொடரின் மேற்குப் புறத்தில் தொப்பூர்க் கணவாயும், கிழக்குப் புறத்தில் மஞ்சவாடிக் கணவாயும் உள்ளன. தெற்கேயுள்ள சமவெளியிலிருந்து தகடூர்ப் பக்கம் செல்வோர் இவ்விரண்டில் ஒன்றைக் கடந்து செல்வதே இயல்பு. தென்கிழக்கே ஓரியின் கொல்லிமலை. கிழக்கே, தகடூர் நாட்டைக் கடந்து பாயும் தென்பெண்ணையின் கரையில் மலையமான் காரியின் திருக்கோவலூர். இவ்வாறு மூன்று பழைய குறுநில அரசுகளின் இடையே நிற்பது நம் மலை.

இம்மலையில் மனிதர் வாழ்ந்த காலமோ அம்மன்னர்களுக்கும் முற்பட்டது. மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகள் சேர்வராயன் மலையில் கிடைத்துள்ளன. தொல்லியல் அறிஞர் புரூசு ஃபூட் அவற்றைத் தம் பட்டியலில் சேர்த்துள்ளார். மலைவாழ் மக்களாகிய மலையாளிகளோ, காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் தாம் என்று தம் முன்னோர் வரலாற்றைக் கூறிவருகின்றனர். முடியரசன் ஒருவன் இல்லாமலே, மலையை நாடுகளாகப் பகுத்து, நாட்டுத் தலைவர்களையும் ஊர்த் தலைவர்களையும் கொண்டு தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அரண்மனை இல்லாத இடத்திலும் ஆட்சி உண்டு என்பதற்கு நம் மலையே சான்று.

அசோகன் கல்வெட்டில் அதியர்

அதியமான் மரபின் தொன்மை வியப்புக்குரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வடபுலத்தை ஆண்ட அசோகப் பேரரசன், தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தன் எல்லைக்கு அப்பால் இருந்த தென்னாட்டு அரசுகளைக் குறிக்கின்றான். அங்கே சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் 'சதியபுதோ' என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது. இச்சதியபுத்திரர் யாவர் என்பது பன்னெடுங்காலம் அறிஞர்களிடையே தீராத வழக்காக இருந்தது. துளு நாட்டார் என்றும், கொங்கர் என்றும், பிறர் என்றும் பலவாறு கூறினர்.

1981ஆம் ஆண்டு திருக்கோவலூர் அருகேயுள்ள சம்பை என்னும் ஊரின் குன்றில், ஒரு குகையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்பவன் அளித்த குகைப்பள்ளி இது என்பதே அதன் பொருள். ஒரே வரியில் இரண்டு ஐயங்கள் தீர்ந்தன. அசோகன் குறித்த சதியபுத்திரர் அதியமான்களே என்பது தெளிவாயிற்று. சங்கப் பாடல்களில் மட்டுமே அறியப்பட்ட நெடுமான் அஞ்சி, கல்லிலும் பெயர் பொறித்த மெய்யான மன்னன் என்பதும் உறுதியாயிற்று. மூவேந்தரோடு ஒருங்கு எண்ணப்பட்ட நான்காவது அரசு நம் மலையடியில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

நெடுமான் அஞ்சி

இம்மரபில் பெரும்புகழ் பெற்றவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பாடியவர் ஔவையார். விண்ணோரைப் போற்றிக் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அவனுடைய முன்னோர் என்று புறநானூறு கூறுகின்றது. உழவரும் உழைப்போரும் பயிரிடும் ஒரு பயிரின் வரவை அரச மரபின் முதற்பெருமையாகக் கூறியிருப்பது கருதத்தக்கது.

அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்தான் என்பதை நம் குழந்தைகளும் அறிவர். அவ்வளவாக அறியப்படாத செய்தி, ஔவையார் அவன் பொருட்டுத் தூது சென்றமையாகும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கே வேல்கள் மாலை சூட்டப்பட்டு, நெய் பூசப்பட்டு, புதியனவாய் ஒளிர்ந்தன. அதியமானின் வேல்களோ போரில் நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போல இகழ்ந்தும், இகழ்வது போலப் புகழ்ந்தும் அவர் பேசிய சொற்கள் அரசியல் தூதிற்கு இலக்கணம் ஆயின. ஒரு பெண்பாற் புலவர் இரண்டு அரசுகளுக்கிடையே தூதராக நின்றார் என்பதை நம் பெண்மக்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

கோவலூர், கொல்லி, தகடூர்

நெடுமான் அஞ்சி திருக்கோவலூரின் மீது படையெடுத்து மலையமான் காரியை வென்றான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே குறிப்பிடுகின்றார். சம்பைக் கல்வெட்டு அத்திருக்கோவலூரின் அருகிலேயே கிடைத்திருப்பது இச்செய்திக்கு அரண் செய்கின்றது.

இதன் பின்விளைவை வரலாற்றாசிரியர் பலர் பின்வருமாறு கோவைப்படுத்துவர். நாடிழந்த காரி சேரனைச் சார்ந்தான். பின்னர் அவன் கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தான். ஓரி கொல்லப்பட்டதையும் கொல்லி சேரர்க்கு உரியதானதையும் அகநானூறு கூறுகின்றது. கொல்லி சேரன் கைப்பட்டபின் தகடூரின் தென்திசைக் காவல் தளர்ந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை படை நடத்தி, அதியமானையும் அவனுக்குத் துணைவந்த இருபெரு வேந்தரையும் வென்று, அவர்களுடைய முரசையும் குடையையும் கைப்பற்றி, தகடூரை அழித்தான். 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்னும் பட்டம் அவனுக்கு நிலைத்தது. இப்போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்னும் தனி நூலே இருந்தது. இன்று அதன் சில செய்யுட்களே எஞ்சியுள்ளன.

இங்கு ஓர் அரிய செய்தி உண்டு. வென்ற சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில்கிழார். அதே அரிசில்கிழார், தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்காகப் புறநானூற்றில் இரங்கற்பாவும் பாடியுள்ளார். வென்றவனிடம் பரிசில் பெற்ற புலவர் தோற்றவனுக்காக அழுவதற்கு அஞ்சவில்லை. அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடுகல் நாட்டி, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் தேறல் படைத்ததை ஔவையார் பாடியுள்ளார். தகடூர் நாட்டில் இன்றும் காணப்படும் பிற்கால நடுகற்கள் பலவும் மன்னர்களுடையவை அல்ல; ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் மாண்ட எளிய வீரர்களுடையவை.

கிணை ஏந்திய கை

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். இவ்வரசில் நம்மவர் எங்கே இருந்தனர்?

அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று உண்டு. அது 392ஆம் பாடல். அதில் பேசுகின்றவர், பனி பொழியும் விடியற்காலையில் எழினியின் நெடிய தலைவாயிலில் நின்று, ஒரு கண்ணையுடைய பெரிய கிணையைக் கையால் கொட்டிப் பாடுகின்றார். கிணை என்பது பறை வகையைச் சேர்ந்த தோற்கருவி. அவ்வோசை கேட்ட மன்னன் அவருடைய கந்தையைக் களையச் செய்து, புத்தாடை உடுப்பித்து, தேறலும் உணவும் அளித்தான். வாயில் அடைக்கப்படவில்லை, "தொலைவில் நில்" என்னும் சொல் அங்கே எழவில்லை.

மற்றொரு பாடலில், பகை மன்னன் ஒருவன் விறலியை நோக்கி, "உம் நாட்டில் போரிடுவாரும் உளரோ?" என வினவுகின்றான். மன்றத்தில் தொங்கும் தண்ணுமையின் மீது காற்று மோதி ஒலி எழுந்தாலும், போர் வந்ததென்று துள்ளி எழுபவன் எம் தலைவன் என்பது விடை. ஓர் அரசன் போருக்கு எழுவதும், துயில் நீங்குவதும், உழவர் நெல் அறுப்பதும், ஆயர் ஏறு தழுவுவதும், பரதவர் மீன் கொள்வதும் பறையோசையுடன் நிகழ்ந்தன. ஐவகை நிலத்திற்கும் தனித்தனிப் பறையைக் கருப்பொருளாக இலக்கண உரைகள் வகுத்துள்ளன. மாங்குடிகிழார் பாடிய 335ஆம் புறப்பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையே குடி என்று எண்ணுகின்றது.

தகடூரை அழித்த அதே இரும்பொறையின் அரண்மனையில் நிகழ்ந்ததொன்றையும் இங்குக் கூற வேண்டும். மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பினால், முரசு வைக்கும் கட்டில் எனத் தெரியாமல் அதன்மேல் படுத்து உறங்கிவிட்டார். முரசுகட்டில் தெய்வத்தன்மை உடையது. அதன்மேல் ஏறியவர் கொலைக்கு உரியவர். வாளோடு வந்த மன்னன், உறங்குபவர் புலவர் என அறிந்து, வாளை விடுத்துக் கவரி எடுத்து வீசினான். அரசனின் இருக்கைக்கும் மேலான தூய்மை அன்று தோற்கருவிக்கு இருந்தது.

எனினும் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அதே புறநானூற்றில், துடி கொட்டுபவனைப் 'புலையன்' என்றும், கட்டில் பின்னுபவனை 'இழிசினன்' என்றும் அழைக்கும் பாடல்களும் உள்ளன. எனவே அக்காலத்தை ஏற்றத்தாழ்வே அற்ற பொற்காலம் எனக் கூறுவது பொருந்தாது. மதிப்பும் இழிவும் அன்றே அருகருகே முளைத்திருந்தன. பிற்காலத்தில் மதிப்பு மறைந்தது. இழிவு மரமாய் வளர்ந்தது.

கானா நாட்டுச் சான்று

இசைக்கருவியும் இருக்கையும் அரசின் உயிராகக் கருதப்பட்டது நம் நாட்டில் மட்டுமன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், அசாந்தி அரசு உள்ளது. 1701ஆம் ஆண்டு டென்கிரா அரசை வென்ற ஒசெய் டூட்டு அதனை நிலைநிறுத்திய மன்னன். அவனுடைய அறிவுரையாளர் அனோச்சி வானத்திலிருந்து பொன்னிருக்கை ஒன்றை வரவழைத்தார் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவ்விருக்கையில் மக்கள் அனைவருடைய உயிரும் உறைகின்றது; மன்னனும் அதில் அமர்வதில்லை. முரசுகட்டிலின் செய்தியை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

1896இல் ஆங்கிலேயர் அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பேயைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினர். 1900இல் ஆளுநர் ஹாட்சன் அப்பொன்னிருக்கையைத் தான் அமர்வதற்குக் கொண்டுவருமாறு கேட்டான். ஆடவர் தயங்கிய வேளையில், எஜிசு என்னும் ஊரின் அரசியன்னை யா அசாந்தேவா போருக்குத் தலைமை ஏற்றார். அவர் தோற்றார், சீசெல்சுத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டு 1921இல் அங்கேயே மறைந்தார். ஆயினும் பொன்னிருக்கை ஆங்கிலேயர் கையில் சிக்கவில்லை. பிரெம்பே 1924இல் தாய்நாடு திரும்பினார்; 1935இல் அசாந்தி அரசுரிமை மீண்டும் ஏற்கப்பட்டது. 1957இல் கானா விடுதலை அடைந்தபின்னும் அம்மரபு தொடர்கின்றது.

அம்மக்களிடையே பேசும் முரசுகள் உண்டு. முன்னோர் பெயர்களையும் அரசர் செயல்களையும் முரசொலியின் ஏற்ற இறக்கத்தாலேயே அறிவிப்பர். அதற்கு வடமேற்கே மாலி அரசின் நிறுவனரான சுந்தியாட்டாவின் வரலாற்றைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஏடின்றி வாய்மொழியாகவே காத்தவர்கள் ஜெலிகள் எனப்படும் பரம்பரைப் பாணர்கள். அவர்களும் அரசவையில் மதிப்பும், சமூகத்தில் ஒதுக்கலும் சேர்ந்து பெற்றவர்களே. ஆயினும் இன்று அந்நாட்டு வரலாற்றை எழுதுவோர் முதலில் நாடுவது அவர்களைத்தான்.

இதனுடன் மறைக்கக் கூடாத மற்றொன்றும் உண்டு. அசாந்தி அரசின் செல்வத்தில் ஒரு பகுதி, போரில் பிடித்த மக்களை அடிமைகளாக விற்றதால் வந்தது. எந்த அரசின் பெருமையைப் படித்தாலும், அதன் சுமையைத் தாங்கிய தோள்கள் யாருடையவை என்றும் கேட்டறிய வேண்டும்.

மன்னர் குறைந்தனர், சேரி வளர்ந்தது

தகடூர் அழிந்தபின்னும் அதியமான் மரபு அழியவில்லை. எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் குன்றில் குடையப்பட்ட திருமால் கோயில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்னும் பெயரால் அம்மரபைக் குறிக்கின்றது. அக்காலத்துப் பாண்டியன் நெடுஞ்சடையன், அதியனை வென்றதாகத் தன் செப்பேட்டில் கூறுகின்றான். பின்னர் அதியமான்கள் சோழர்க்கு அடங்கிய தலைவர்களாயினர். 1116ஆம் ஆண்டையொட்டிப் போசள விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் கங்கராசன் தலைக்காட்டைக் கைப்பற்றியபோது, அங்கே சோழர் சார்பில் நின்றவன் ஓர் அதியமானே. பின்னர் வந்த விடுகாதழகிய பெருமாள் என்னும் தகடூர்த் தலைவன், போளூர் அருகே திருமலையில் தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உரைக்கின்றது. அசோகன் காலம் முதல் எண்ணினால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பெயர் அது.

அவ்விடைக்காலத்தில் கிணை ஏந்திய கைக்கு என்ன நேர்ந்தது? கி.பி. பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெருங்கோயிலின் இராசராசன் கல்வெட்டுக்களில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. பாட்டில் குடி என்று எண்ணப்பட்ட பெயர், நிலக் கணக்கில் ஊருக்குப் புறம்பான சேரியின் பெயராயிற்று. நிலம் கோயிலுக்கும் பெருநிலக்கிழாருக்கும் உரியதாகக் குவிந்தபோது, நிலத்தில் உழைத்தவர் நிலமற்றவராயினர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்திற்குச் சட்ட ஏற்பு இல்லை என்றது. ஆனால் நிலம் அளிக்கவில்லை. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் உழைக்கச் சமவெளியிலிருந்து மலையேறியவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். தோட்ட முதலாளிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. காடு திருத்தியவர்களின் பெயர்கள் நம் பாட்டிமாரின் நினைவில் மட்டுமே உள்ளன.

நாம் கொள்ள வேண்டுவன

பறையடிப்பதைச் சாதிக் கடமையாகத் திணித்தபோது, "இனி அடியோம்" என்று மறுத்து நம்மவர் பல ஊர்களில் அடியும் உதையும் பட்டனர். அம்மறுப்பு தன்மானத்தின் வெளிப்பாடு. அதனைக் குறைத்துப் பேசுதல் தகாது. இன்று அதே பறையை இளைஞரும் இளம்பெண்களும் கலையாகக் கற்று மேடையேறுகின்றனர். இதனைக் கண்டு முதியோர் சிலர் வருந்துகின்றனர். இரண்டிற்கும் முரண் இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. கட்டாயத்தை மறுப்பதும் உரிமை. கருவியைத் தம் விருப்பத்தால் ஏந்துவதும் உரிமை. இழிவு, தோலிலோ கோலிலோ இல்லை. கட்டாயப்படுத்தியவனின் மனத்தில் இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிசொல்லாக எறியப்பட்டதைக் கையில் பிடித்து அதனையே கொடியாக உயர்த்திய துணிவு அது.

தகடூரின் கோட்டை மண்ணாயிற்று. அதன் வேலும் குடையும் எங்கே போயின என்று அறிவாரில்லை. நெடுமான் அஞ்சி இன்று நமக்குத் தெரிகின்றான் என்றால், அதற்குக் காரணம் இரண்டு: கல்லில் வெட்டிய ஒரு வரி, பாணரும் விறலியரும் கிணைவரும் போற்றிய பாட்டு. மன்னர்கள் வரலாற்றில் வாழ்கின்றனர். அவர்களை வாழவைத்தவர் வாயிலில் நின்றவர்களே. "நம்மவர் எங்கே இருந்தனர்?" என்னும் வினாவிற்கு இதுவே விடை. நாம் அரியணையில் இருந்தோம் என்று மெய்ப்பிக்கும் தேவை நமக்கில்லை. நினைவின் காவலராய் இருந்தோம். அக்காவலுக்கு உரிய கூலி மறுக்கப்பட்டவராயும் இருந்தோம்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணி, அக்காவலை வாய்மொழியிலிருந்து ஏட்டிற்கு மாற்றும் பணியே ஆகும். சங்கத்தில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் ஒரு குறிப்பேடு வாங்கி, தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து எவ்வழியாக மலையேறினர், எத்தோட்டத்தில் என்ன கூலிக்கு உழைத்தனர், முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார் என்பவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராக. அரிசில்கிழாரைப் போல, வென்றோருக்கு மட்டுமன்றி வீழ்ந்தோருக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குவாராக. பொன்விழா மலர் வெளிவரும் நாளில், நம் வரலாற்றை எழுத நாம் பிறருடைய ஏடுகளைத் தேடி அலைய வேண்டிய நிலை இருக்கலாகாது.